முகவரி என்ற கட்டம்

கூக்கலில் எங்களை இறக்கிவிட்டுப் பேருந்து திரும்பிப் போனது.
பூண்டு வயல்களை ஒட்டி ஒரு மணி நேரம் நடந்தோம்,
நானும் தவசிமுத்துவும்.
அரைக்கிலோ அவல், ஒரு வெல்லக்கட்டி, தார்ப்பாய்,
மளிகைக்கடையில் இரவல் வாங்கிய கயிறு.
கூடாரம் வாங்கப் பணமில்லை.
வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன் நான்.
வத்தலக்குண்டில் நாளுக்கு நூற்றைம்பது வீடு.
நாயைக் கட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே போவேன்,
பெட்டியில் ஓடும் எண்ணை எழுதுவேன், வெளியே வருவேன்.
எல்லோர் வீட்டிலும் நுழைந்திருக்கிறேன்,
ஒருவர் வீட்டிலும் உட்கார்ந்ததில்லை.
என் வீட்டுக்காரரோ என்னிடமே
யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார்.

தவசிதான் சொன்னான்:
‘அரசாங்கக் காடுடா. அரசாங்கம்னா நாமதானே.
ஒரு ராத்திரி வாடகையில்லாம படுத்துட்டு வருவோம்.’

சோலை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை.
காப்புக்காடு. அத்துமீறி நுழைவோர் –
மிச்ச எழுத்தைக் காட்டுமாடு முதுகு உரசித் தேய்த்திருந்தது.
மிச்சம் இல்லாததால் நுழைந்தோம்.

இரண்டு சீகை மரங்களுக்கு நடுவே கயிறு.
கயிற்றின் மேல் தார்ப்பாய்.
மூலைக்கொரு கல்.
முடிந்தது வீடு.
சாவி எங்கே என்று கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது.
தீ மூட்டவில்லை. பயம் பாதி, ஈரச் சுள்ளி பாதி.

இருட்டு வந்தது. வந்தது என்பது தவறு.
அங்கேயே கிடந்த இருட்டின் மேலிருந்து
யாரோ வெளிச்சத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள்.
எங்கும் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கவில்லை.
குளிர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
கணக்கில்லாமல்.

எட்டரைக்கு ஒரு டார்ச் மேலேறி வந்தது.
அதற்குப் பின்னால் காக்கி. காக்கிக்குப் பின்னால் குடை.
வனக்காப்பாளர் சகாயமேரி; இருபத்தாறு வயதிருக்கும்.
குடைக்குள் வேட்டைத் தடுப்புக் காவலர் பூலோகன், இருமிக்கொண்டே.

‘யாரக் கேட்டுத் தங்குறீங்க?’
தவசி அரசாங்கம் பற்றிய பேச்சைத் தொடங்கினான்.
முதல் வாக்கியத்திலேயே பல் தந்தியடித்தது.
‘கெளம்புங்க.’
கிளம்பினோம்.
ஐம்பதடியில் பாதையை அடைத்து நின்றன
ஏழு காட்டுமாடுகள்,
முழங்கால்வரை வெள்ளைக் காலுறையோடு.
அவற்றுக்கும் யாரையும் கேட்கும் பழக்கமில்லை.

நால்வரும் திரும்பினோம்.
மழை பிடித்தது.
இருவருக்கு அளவெடுத்த தார்ப்பாயின் கீழ்
எட்டு முழங்கால்.
அட்டைக்கு அவள் உப்பு தந்தாள்.
நாங்கள் அவலை நீட்டினோம். முதலில் வேண்டாம் என்றாள்.
பூலோகன் தூக்கத்திலும் இருமினார்.
நடுச்சாமத்தில், யாரிடமோ பேசுவதுபோல்:
‘எனக்கும் குவார்ட்டர்ஸ் கெடைக்கல.
பூம்பாறைல ஒரு ரூம். ஓடு ஒழுகும்.’
கொஞ்ச நேரம் கழித்து,
‘இது ஒழுகல.’

விடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டாள்.
ரசீதுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினாள்.
குற்றம்: அனுமதியின்றி இரவு தங்கியது.
ஆளுக்கு ஐந்நூறு.
முகவரி?

வத்தலக்குண்டு என்று தொடங்கி நிறுத்தினேன்.
மாதக் கடைசியில் அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
தவசிக்குக்கூட இன்னும் தெரியாது.
பேனா காத்து நின்றது,
அடுத்தவர் வாசலில் நிற்கும் என் பேனா மாதிரி.

‘இப்போதைக்கு இங்கதான்.’

அவள் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை.
கட்டத்தை அப்படியே விட்டுத் தாளைக் கிழித்தாள்.

கற்களைப் பழைய பள்ளத்திலேயே வைக்கச் சொன்னாள்.
கசங்கிய புல் நிமிரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான்
கீழே நடக்க விட்டாள்.

வீட்டுக்காரர் ஒருநாளும் ரசீது தந்ததில்லை.
ஓரிடத்தில் நான் தங்கினேன் என்று
முத்திரை குத்திய தாள் இது ஒன்றுதான்.
சாவி இருக்கும் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.
மூலையில் கொஞ்சம் வெல்லம் ஒட்டியிருக்கிறது.